முழு வாயும் சுழல வேண்டும்

எதை வாங்கினாலும் சரளா முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். குக்கர், செருப்பு, பிஸ்கட் பாக்கெட், பப்பாளி. அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுவார். முன்பக்கம் அதற்கப்புறம்தான். பெங்களூர் ஸ்ரீராம்புரம் மார்க்கெட்டில் காய் விற்பவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாகக் கடை போட்ட ஒருவர் மட்டும், "இன்னாம்மா, கத்திரிக்காய்க்கு அடியில கம்பெனி பேரு போட்டிருக்குமா?" என்று கேட்டார். "பூச்சி போர்டு மாட்டிக்கினா குந்தும்? நான்தான் தேடணும்" என்றார் சரளா. கேட்டவர் அடுத்த வாரமே ஓரம் கட்டி வைத்த நல்ல காயை எடுத்துக் கொடுத்தார். சரளா அதையும் கவிழ்த்துப் பார்த்தார்.

வயது ஐம்பத்தாறு. வேலை, பல் செய்வது. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார்; அதற்கு ஏற்றபடி பல்லின் மேல் மாட்டும் கேப்பையும், போன பல்லின் இடத்தில் கட்டும் பிரிட்ஜையும் லேபில் செய்து கொடுப்பார்கள். அந்த லேபில் முப்பத்தொரு வருடம். பிறந்தது கோலார் தங்கவயல். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தார். முதல் இருபது வருடம் மெழுகில் பல் செதுக்கினார். பிறகு லேபுக்கு ஸ்கேனரும் கணினியும் வந்தன. மெழுகுக் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தார். இதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "மெழுகு மே மாசத்துல இளகிப் பூடும். இது இளகாது. கை நடுங்குனா ஒரு ஸ்டெப் பின்னால போலாம். மெழுகுல பின்னால போக முடியுமா?"

கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் இந்த வேலையில் வந்தது. கேப்பின் வெளிப்பக்கத்தைப் பளபளப்பாக்குவது பெரிய காரியமில்லை. உள்பக்கம் அப்படியில்லை. டாக்டர் ராவி வைத்திருக்கும் பல்லின் மேல் உட்காரும் பக்கம் அது. ஒரு முடி அளவு தப்பினாலும் ஆறு மாதத்தில் அடியில் சொத்தை விழும். நோயாளி டாக்டரைத் திட்டுவார். டாக்டர் லேபைத் திட்டுவார். "வெளிய இருக்கறது ஊருக்கு. உள்ள இருக்கறதுதான் வாய்க்கு" என்பார் சரளா.

ஆட்களையும் அப்படியே பார்ப்பார். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவரிடம் கூடுதல் எச்சரிக்கை. ஒருமுறை இன்சூரன்ஸ் பாலிசி விற்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. சரளா கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி. "மேல முன்னாடி நாலும் செராமிக். யாரு டாக்டரு?" வந்தவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாட்டர் கேனின் மூடியைத் திருகிப் பார்த்து, ஏற்கெனவே திறந்து மூடியதா என்று சோதிப்பார். சிலிண்டரை நிறுத்துதான் உள்ளே விடுவார். அதற்கென்று ஒரு கொக்கித் தராசு உண்டு. வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீஷியன் கழற்றிய திருகுகளை ஒரு தட்டில் போட்டு எண்ணி வைப்பார். அவர் கணவர் சண்முகம் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "எமன் வந்தாக்கூட உங்கம்மா ஐடி கார்டு கேப்பாடா" என்று மகன் சுஹாஸிடம் சொல்வார்.

சண்முகத்திடம் எமன் ஜனவரி பதினொன்றாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு வந்தான். சரளா பால் வாங்கக் கீழே போயிருந்தார்.

சுஹாஸ் ஒரே பிள்ளை. முப்பத்திரண்டு வயது. கணினியின் கிராபிக்ஸ் சிப்புகளில் பிழை தேடும் வேலை, எட்டு வருடமாக. காடுகோடியில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் எடுத்திருக்கிறான். ஜனவரிக்குப் பிறகு தினமும் மூன்று முறை அம்மாவுக்கு போன் செய்தான். சரளாவுக்கு அதிலும் சந்தேகம். "மூணு வாட்டி போன் பண்றியே, இன்னா விஷயம்? வேலை கீதா, பூடுச்சா?"

"கீதும்மா. சும்னே, சும்மாத்தான் பண்ணேன்."

"சும்னே ஒரு வாட்டி பண்ணலாம். மூணு வாட்டி சும்னே யாரும் பண்ண மாட்டாங்க."

ஏப்ரலில் லேப் முதலாளி சேஷகிரி எல்லோரையும் கூப்பிட்டு, லேபை நெலமங்கலத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். வடிவமைப்பு செய்கிறவர்கள் அவ்வளவு தூரம் வரவேண்டாம். சொந்தக் கணினியில் வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாம். மற்ற இரண்டு பெண்களுக்குச் சந்தோஷம். சரளா அன்று மாலை லிங்கராஜபுரத்துக்கு பஸ் ஏறினார். அங்கே டாக்டர் ஸ்ரீரஞ்சனியின் பல் கிளினிக் இருக்கிறது. பதினைந்து வருடமாக அவருக்குப் பல் செய்து கொடுத்திருக்கிறார். நேரில் பார்த்தது நாலைந்து தடவைதான். விஷயத்தை நேராகச் சொன்னார். நான் லேப்டாப்போடு இங்கே வந்து உட்காருகிறேன். நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே வடிவத்தைத் திரையில் காட்டுகிறேன். நீளம் போதாது, பருமன் கூட என்று அவர்கள் சொன்னால் அங்கேயே திருத்துகிறேன். இரண்டாவது தடவை அவர்கள் வர வேண்டாம்.

டாக்டருக்கு யோசனை பிடித்தது. அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு ஒரு கேஸ் இருந்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் நாலும் போன ஒரு பெண். அதை வைத்துப் பார்ப்போம் என்றார். அது சரியாக அமைந்தால் ராஜாஜிநகரிலும் மல்லேஸ்வரத்திலும் தனக்குத் தெரிந்த நாலு டாக்டர்களிடமும் சொல்வதாகச் சொன்னார். அமையாவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை. சரளாவுக்குத் தெரியும், சுஹாஸிடம் போனில் சொன்னார். "வாயத் தொறந்துக்கினு ஒரு பொண்ணு ஒக்காந்திருக்கும். ஸ்கிரீனு நின்னு பூச்சுனா டாக்டரு கோவப்பட மாட்டாங்க. 'பாக்கலாம் சரளா'ன்னுவாங்க. டாக்டருங்க பாக்கலாம்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

சேஷகிரி வடிவமைப்பு மென்பொருளைத் திறக்கும் யூ.எஸ்.பி. சாவியைக் கொடுத்தார். பல்லைக் கடைந்தெடுக்கும் வேலை தன் லேபுக்கே வரும் என்ற ஒப்பந்தத்தில். மிச்சம் லேப்டாப் மட்டும்.

எது வாங்குவது என்று சுஹாஸ் போனில் விளக்கினான். திரையில் படம் வரைய ஒரு சிப் வேண்டும். ஒரு வகையில் அது கணினியின் மூளையோடு ஒட்டிப் பிறந்தது. அதற்கென்று மெமரி கிடையாது. எல்லாரும் பயன்படுத்தும் மெமரியிலிருந்து பங்கு வாங்கிக்கொள்ளும். அது இன்டக்ரேட்டட். இன்னொரு வகை தனி சிப், தனி மெமரி, தனி ஃபேன். அது டெடிகேட்டட். முதலாவது லேசு, சூடு குறைவு, பாட்டரி நிற்கும். இரண்டாவது வேகம். ஆனால் கனம், பாட்டரியும் சீக்கிரம் தீரும்.

"ஒண்ணு கூட்டுக் குடும்பம், இன்னொண்ணு தனிக்குடித்தனம். அவ்ளோதான?"

"அவ்ளோதான். உன் வேல 3டி. உனக்குத் தனிதான்மா வேணும்."

"எவ்ளோ வெயிட்டு?"

"ரெண்டரை கிலோ. சார்ஜர் முக்கால் கிலோ."

"அத்தத் தூக்கிக்கினு ரெண்டு பஸ் மாறணுமா?"

"பஸ் எதுக்கும்மா? இங்க ரூம் காலியா இருக்கு. டேபிள் போட்டுட்டேன். ஏசி மாட்டலாம். வீட்லேர்ந்தே பண்ணு, சேஷகிரி சார் சொன்ன மாதிரி."

சரளா கேட்டார். "மெஷினுக்குத் தனிக்குடித்தனம், எனுக்கு மட்டும் கூட்டுக் குடும்பமா?"

டேபிளை அவன் பிப்ரவரியிலேயே வாங்கியிருந்தான். சரளா அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனார்கள். மாடிக்கடை. விற்பனையாளர் பெயர் தருண், இருபத்தைந்து வயதிருக்கும். "பன்னி சார், பன்னி மேடம்" என்று கன்னடத்தில் வரவேற்று, "கேமிங்கா? பையனுக்கா?" என்று கேட்டான்.

"எனுக்கு. பல்லுக்கு."

தருண் சுஹாஸைப் பார்த்தான். சுஹாஸ், "டென்டல் டிசைன்" என்றான்.

இரண்டு மாடல்களை மேசையில் வைத்தார்கள். தனி கிராபிக்ஸ் போட்ட கனமானது ஒன்று, ஒட்டு கிராபிக்ஸ் உள்ள லேசானது ஒன்று. சரளா இரண்டையும் மூடி, கவிழ்த்தார். கனமானதன் அடியில் காற்றுப் போகும் துளைகள் சல்லடை போல இருந்தன. துளைகளைத் தடவினார். அதன் சார்ஜரை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். "இத்த மண்டையில போட்டா ஆளு காலி."

தருண் சிரித்தான். சரளா உடனே அவன் வாயைப் பார்த்தார். "கீழ எடது கடவாப் பல்லுல கறை. பாக்கு போடுறியா?" அதற்குப் பிறகு தருண் வாயை மூடிக்கொண்டே சிரித்தான்.

"மேடம், ரெண்டுமே ஒரு வருஷம் வாரன்டி. லேசானதுல எட்டு மணி நேரம் பாட்டரி."

"எட்டுன்னு யாரு சொன்னது?"

"கம்பெனி மேடம்."

"அவன் சொல்லாம வேற யாரு சொல்லுவான்." கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பென் டிரைவ். தருண் கையை நீட்டினான். சரளா அவனைத் தாண்டி மகனிடம் கொடுத்தார். "ரெண்டுலயும் காப்பி பண்ணு. தொறக்கற சாஃப்ட்வேரும் உள்ள கீது."

மென்பொருளைத் தவிர ஒரே ஒரு கோப்பு. பெயர் எஸ்-ஃபுல். எஸ் என்றால் சாம்பிள் என்று சுஹாஸ் நினைத்தான். கனமான கணினியில் முதலில் திறந்தான். கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு முழு வாய் வந்து நின்றது. மேல் வரிசை, கீழ் வரிசை, ஈறு, அண்ணம்.

மேல் இடது முன்பல்லில் ஒரு மூலை இல்லை.

சுஹாஸ் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு கல்யாண வீட்டில், சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி அப்பா உடைத்துக்கொண்ட மூலை. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"ம்" என்றார் சரளா. "உங்கப்பாதான்."

இரண்டு வருடம் முன்பு லேபுக்குப் புதிய ஸ்கேனர் வந்தபோது, பழகுவதற்கு ஆளுக்கு ஒரு வாய் கொண்டுவரச் சொன்னார் சேஷகிரி. மற்றவர்கள் பழைய கேஸின் பிளாஸ்டர் மாடலைக் கொண்டுவந்தார்கள். சரளா ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிப்போனார். அளவுப் பசையை வாயில் வைத்ததும் சண்முகத்துக்குக் குமட்டல். மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. அன்றிலிருந்து எந்தப் புது மென்பொருள் வந்தாலும், எந்தக் கணினியை மாற்றினாலும், முதலில் அந்த வாயைத் திறந்து பார்ப்பார்.

"வேற யாரு வாயாச்சும்னா, தப்பாத் தெரிஞ்சா அது வாயில தப்பா மெஷினுல தப்பான்னு தெரியாது. இவரு வாய் எனுக்குத் தெரியும். எதுனா மாறுச்சுனா மெஷினுதான்."

சுஹாஸின் வேலையிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. விடை முன்பே தெரிந்த ஒன்றைக் கொடுத்துச் சோதிப்பது. எட்டு வருடத்தில் அவன் ஆயிரம் முறை செய்திருப்பான்.

"ஒள்ளே மாடல் மேடம், நல்லா இருக்கு, யாரோடது?" என்றான் தருண்.

"டெஸ்ட் வாய்."

சரளா மவுஸை வாங்கிக்கொண்டார். மேல் தாடையைக் கீழ் தாடையின் மேல் உட்கார வைத்தார். மேல் பற்களைக் கண்ணாடி போல ஆக்கி, எங்கே இடிக்கிறது என்று அடியில் பார்த்தார். குறுக்கே வெட்டினார். முழு வாயையும் இடமும் வலமுமாகச் சுழற்றினார். திங்கட்கிழமை கேஸுக்கு இது எல்லாம் வேண்டும். முன்பல் நாலு வைப்பதென்றால் வாய் மூடும்போது கீழ்ப்பல் எங்கே வந்து தொடுகிறது என்று பார்க்காமல் முடியாது. கனமான கணினி கேட்டதையெல்லாம் செய்தது. எங்கும் நிற்கவில்லை. நாலாவது நிமிடத்தில் அதன் ஃபேன் இரைய ஆரம்பித்தது.

"கிளினிக்குல இந்தச் சத்தம் வந்தா, பல்லு ராவுற மெஷினுன்னு நெனச்சு பேஷன்ட் எழுந்து ஓடிடும்" என்றார் சரளா.

லேசானதில் வாய் திறந்தது. மெதுவாகச் சுழற்றினால் சுழன்றது. வேகமாகச் சுழற்றினால் கை ஓரிடத்தில், பல் ஓரிடத்தில். மேல் பற்களைக் கண்ணாடியாக்கியதும் படம் நின்றுவிட்டது. இரண்டு வினாடி. மூன்று. சண்முகத்தின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

சுஹாஸ் கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்தான். சிப்பின் பெயரைப் படித்தான். பார்த்ததும் விளங்கிவிட்டது. பக்கத்தை மூடினான்.

"பாத்தியாம்மா? நான் சொன்னேன்ல. இது ஆவாது. பெருசையே வாங்கிக்கலாம்."

சரளா நின்றுபோன படத்தைப் பார்த்தார். கனமான கணினியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"டேய்."

"இன்னாம்மா."

"தாடைய ஏன் இறுக்குற?"

"இல்லியே."

சரளா கையை நீட்டி, அவன் காதுக்குக் கீழே தாடை எலும்பு வளையும் இடத்தில் இரண்டு விரலை வைத்தார். கடையில் அத்தனை பேருக்கும் முன்னால். "கல்லு மாதிரி கீது." விரலை எடுத்துவிட்டு கனமான கணினியைத் தன் பக்கம் திருப்பினார். சண்முகத்தின் மேல் கோரைப்பல்லைப் பெரிதாக்கினார். அதன் நுனி இல்லை. தேய்ந்து தட்டையாக இருந்தது.

"கூரா இருக்கணும் இது. ரெண்டு பக்கமும் தேஞ்சு பூச்சு. ஏன் தெரிமா? ஒண்ண மறைக்கறப்பல்லாம் இப்டித்தான் கடிப்பாரு. திருட்டு பீடி புடிச்சிட்டு வந்தா கடிப்பாரு. உன் மார்க் ஷீட்டுல சைன் போட்டுட்டு எங்கிட்டச் சொல்லாம இருந்தா கடிப்பாரு. டிசம்பர்ல ரெண்டு வாரம் கடிச்சாரு. இன்னாய்யான்னு கேட்டேன். நெஞ்செரிச்சல், கேஸ்ட்ரிக்குன்னாரு. நம்புனேன்." மவுஸை விட்டார். "முப்பத்தி நாலு வருஷத்துல அந்த ஒரு வாட்டிதான் திருப்பிப் பாக்கல."

டிசம்பர் விஷயம் சுஹாஸுக்குத் தெரியாது. அன்று அந்தக் கடையில்தான் முதன்முதலாகக் கேட்டான்.

தருண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ம்மா. இதுல ரேம் ஒண்ணுதான் போட்ருக்கான்."

"அப்டின்னா?"

அவன் சொன்னான். ஒட்டு சிப்புக்குச் சொந்த மெமரி இல்லை. பொது மெமரியிலிருந்து எடுத்துத்தான் அது வேலை செய்யும். அதற்கு இரண்டு பாதை வேண்டும், அதாவது மெமரிக் குச்சியான ரேம் இரண்டு. ஒன்றுதான் இருந்தால் பாதிச் சாப்பாட்டில் ஓடுகிற மாதிரி. தன் பெயரைக்கூட ஒரு படி குறைத்துத்தான் அது காட்டும். இரண்டாவது ரேம் மாட்ட உள்ளே இடம் காலியாக இருக்கிறது. மாட்டிவிட்டால் இந்த வாயைச் சுழற்றும்.

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"படம் நின்னப்பவே."

"சொல்லல."

"சொல்லல."

"ஏன்?"

"நீ பஸ்ல போவ. தனியா போவ. எங்கயாவது..." சுஹாஸ் மவுஸ் வயரை விரலில் சுற்றினான். "பெருசு வாங்குனா வீட்ல இருப்பேன்னு நெனச்சேன்."

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. சரளா லேசான கணினியை மூடி, கவிழ்த்தார். தருணைக் கூப்பிட்டார்.

"எத்தினி திருகு கீது இதுல?"

"எட்டு மேடம்."

"கழட்டு."

"மேடம், புது பீஸ் சீல் பாக்ஸ்ல இருக்கு. அதுல போட்டுக் குடுக்கறேன். எல்லாரும் சீல் உடைக்காததுதான் கேப்பாங்க."

"சீல் போட்டவன் யாரு?"

"கம்பெனி மேடம்."

"எனுக்கு அவன் சொந்தமா பந்தமா? நான் பாத்தது இத்தத்தான். இத்தத்தான் எடுத்துக்குவேன். கழட்டு."

ஒரு வெள்ளைத் தாளை விரிக்கச் சொல்லி, எட்டுத் திருகையும் வந்த வரிசையிலேயே அதில் வைக்கச் சொன்னார். தருண் மூடியைத் திறந்தான். பச்சைப் பலகையில் ஒரு குச்சி, பக்கத்தில் ஒரு காலி இடம். சரளா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். சுஹாஸ் சொன்னது உண்மையா என்று தன் கண்ணால் பார்த்துக்கொண்டார். இரண்டாவது ரேம் உட்காரும்போது எழுந்த சின்னச் சத்தத்தைக் கேட்டார். எட்டுத் திருகும் திரும்பப் போயினவா என்று எண்ணினார்.

மறுபடி திறந்தார்கள். சார்ஜரைக் கழற்றச் சொன்னார். கிளினிக்கில் நாற்காலிக்குப் பக்கத்தில் பிளக் கிடையாது. சண்முகத்தின் வாய் வந்தது. மேலும் கீழும் சேர்த்தார். கண்ணாடியாக்கினார். வெட்டினார். முழு வாயையும் சுழற்றினார், இடப்பக்கம், வலப்பக்கம், தலைகீழாக. நிற்கவில்லை. கனமானதன் ஓட்டம் அதில் இல்லை. ஆனால் கை போன இடத்துக்குப் பல்லும் போனது. இருபத்தைந்து நிமிடம் விடாமல் செய்துவிட்டு பாட்டரி எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார். மனதில் ஏதோ கணக்குப் போட்டார்.

"இப்ப நேராச் சொல்லு. அந்தப் பெருசுதான வேகம்?"

"அதுதான் வேகம். முழு வாயும் இம்ப்ளான்ட் போடற பெரிய கேஸ் வந்தா இது திணறும். அத லேப்லதான் பண்ணணும். திங்கக்கெழம கேஸுக்கு இது போதும். டெய்லி வர்ற ஒத்தக் கேப்பு, மூணு பல்லு பிரிட்ஜு எல்லாத்துக்கும் இது போதும்."

சரளா மறுபடியும் இரண்டு விரலை அவன் தாடையில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"சரி. பில்லு போடு" என்றார் தருணிடம்.

"அப்பறம் அந்த ரூமு டேபிளு..." என்றான் சுஹாஸ்.

"ஞாயித்துக்கெழம வர்றேன். சாப்புட. ராத்திரி தங்க மாட்டேன். மூணு வாட்டி போன் பண்ணாத. பண்ணாலும் இன்னா விஷயம்னு சொல்லு. பயமா கீதுன்னா பயமா கீதுன்னு சொல்லு. சும்னேன்னு சொல்லாத."

அவன் தலையாட்டினான்.

பில் வந்தது. சரளா பின்பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லேசான கணினி கைப்பைக்குள் போனது. தருண் கனமானதை எடுத்து ஷோகேஸில் வைக்கத் திரும்பினான். அதன் திரையில் சண்முகத்தின் வாய் இன்னும் திறந்திருந்தது. அடுத்ததாகப் பார்க்கக் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "என்ன கேம் மச்சான் இது?" என்று பேசிக்கொண்டார்கள்.

"இந்த ஃபைல நான் டெலீட் பண்ணிர்றேன் மேடம்" என்று தருண் மவுஸுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடு."

தருண் எடுத்தான். சரளா கணினியை மகன் பக்கம் தள்ளினார். "நீ பண்ணு. குப்பைக்குள்ளயும் இருக்கக் கூடாது."

சுஹாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்த இரண்டு பிள்ளைகளும் இன்னும் கிட்டே வந்தார்கள். சரளா துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிப் பற்களுக்கு இடையில் கவ்விக்கொண்டார். துணியை இரண்டு கையாலும் அகலமாக விரித்து, திரைக்கும் கடைக்கும் நடுவில் பிடித்தார். அவன் முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தும் வரை கையை இறக்கவில்லை.